விடுதியின் கழிவுநீர்

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் லைகின்ஸ் என்ற மாணவர் விடுதியின் கழிவுநீரில் கொரோனா வைரஸின் தடயம் தெரிந்தது. அங்கே வசித்த, வேலை பார்த்த 311 பேரைச் சோதித்தார்கள். அறிகுறி ஏதுமில்லாத இருவருக்குத் தொற்று, தனிமைப்படுத்தினார்கள். நான் படித்த செய்திகள் இதை வெற்றிக்கதையாகவே சொல்லின. வெற்றிதான், மறுக்கவில்லை. காய்ச்சல் வருமுன்பே மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கிறது.

எனக்கு உறுத்துவது, 'இதில் யார் பெயரும் தெரியாது' என்ற சமாதானம். ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுத்தால் சரி, லட்சம் பேர் அதில் கரைந்துவிடுகிறார்கள். ஒரே கட்டடத்தின் குழாயில் எடுத்தால்? லைகின்ஸில் அது இரண்டு பேரிடம் கொண்டுபோய் நிறுத்தியதே! சிறையிலோ பெண்கள் காப்பகத்திலோ இருப்பவர் இதற்கு 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வார்? கழிப்பறைக்குப் போகாமலா இருப்பார்? (இரவு எட்டு மணிக்குக் கேட் பூட்டும் விடுதியில் இருந்த பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

கழிவுநீரில் வைரஸ் மட்டுமா போகிறது? மருந்தின் எச்சம் போகிறது. கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனும் சிறுநீரோடுதான் போகிறது. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றமே பறித்த நாடு அது. இன்று வைரஸைத் தேடும் புட்டியில் நாளை எதைத் தேடலாம் என்பதை யார் முடிவுசெய்வது? எதைத் தேடுகிறோம், யாரிடம் சொல்வோம், மாதிரியை எப்போது அழிப்போம் என்பதை முதலில் விடுதிச் சுவரில் எழுதி ஒட்டட்டும். அங்கே குடியிருப்பவர்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். பிறகு குழாயைத் திறக்கலாம்.