பாவும் ஊடுமாய் ஒரு முதுமை

அட்டாளைச்சேனையில் ஒரு மூத்தம்மாவிடம் சுகம் விசாரித்துப் பாருங்கள். "நேத்து ஏலாமக் கிடந்தன், இண்டைக்கு நல்லம்" என்பார். எவ்வளவு நுட்பமான விடை! பக்கத்து வீட்டாரோடு அவர் தம்மை ஒப்பிடவில்லை. நேற்றைய தம்மோடு இன்றைய தம்மை வைத்துப் பார்க்கிறார். முதுமையின் மனத்தை அளக்கும் உளவியலில் என்னை மயக்குவதும் இந்தப் பார்வைதான்.

உளவியலாளர் வோர்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் தேடிப் போனது. என்ன பொறுமை! திறன்கள் எல்லாம் ஒருசேரச் சரிவதில்லை, வேகம் முந்தித் தளர்ந்தாலும் சொல்வளம் நெடுநாள் நிலைக்கிறது என்று அது காட்டிற்று.

ஆனால் ஏழாண்டு இடைவெளியில் நாளாந்த அசைவு தெரியாதே. அங்கேதான் இன்னோர் உளவியலாளரான ஜோன் நெசல்ரோடின் கைவண்ணம். 1991இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நெசவின் பாவு நூலையும் ஊடு நூலையும் வைத்தார் அவர். மருதமுனைத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டுமா? ஆண்டுக்கணக்கில் நீளும் மாற்றம் ஓர் இழை. அதன் குறுக்கே நாளுக்கு நாள் ஓடும் சலனம் இன்னோர் இழை. இரண்டையும் பிடிக்க அழகானதொரு வழி பிறந்தது: சில நாட்கள் அடுத்தடுத்து அளப்பது, பின் நெடிய ஓய்வு, மறுபடியும் அதேபோல் ஒரு கொத்து. சோதனையே மனிதருக்குப் பழகிப்போய் மதிப்பெண் கூடுமே, அந்தப் பழக்கத்தின் பயனும் இந்தக் கொத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளிச்சம் மின்னியதும் பொத்தானை அழுத்தும் எளிய சோதனை. இரு முதியவர்கள் அதைச் செய்கிறார்கள்; இருவரின் சராசரி நேரமும் ஒன்றே. ஒருவரின் விரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எழுகிறது. மற்றவருடையது ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும். சராசரி மறைத்ததை அந்தச் சிதறல் சொல்லிவிடுகிறது. சிதறல் மிகுந்தவர்களிடம் பிற்காலத் தளர்ச்சியும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனாலும் எல்லா அசைவும் தேய்மானமல்ல. துக்கத்தில் தாழ்ந்து மெல்ல மெல்ல மீளும் மனத்தின் நெகிழ்வும் அசைவுதான். அதன் எழிலே தனி.

இந்த அசைவை ஒரே நாளுக்குள்ளும் தேடலாம். நம் ஊரில் ஒரு நாளை ஐந்தாகப் பகுத்து வைத்திருக்கிறது தொழுகைக்கான பாங்கொலி. விடியலின் சுபஹுக்குப் பின் துலங்கும் நினைவு பிற்பகல் அஸருக்குப் பின்னும் அப்படியே இருக்குமா? நோன்பு மாதத்தில்? அளப்பதற்கு இதைவிட இனிய நேரக்கணக்கு ஏது!

மூத்தப்பா ஒரு பெயரை மறந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதாதீர்கள். எந்த நேரம், முந்திய இரவு உறங்கினாரா என்று குறித்து வையுங்கள். மறதி தொடர்ந்தால் அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.