விசில் ஊதுகிறவருக்குப் பெயர் இல்லை

"ரெஃப்ரி வாங்கிட்டான்டா." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காலேஜ் ஃபுட்பால் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை. என்ன வாங்கினார், யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தோற்ற டீம் பஸ் ஏறுவதற்குள் இது தீர்ப்பாகிவிடும். அடுத்த வருஷ ஜூனியர்களுக்கு அந்த மேட்ச் இந்த ஒரு வரியாகத்தான் போய்ச் சேரும். இந்த வரி பொய்யா நிஜமா என்பதைவிட, கதையாக இது எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பதுதான் என் புகார். ஒரு வில்லன், ஒரு கவர், முடிந்தது. மைதானத்தில் நிஜமாக நடந்த எதையும் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது.

மைதானத்தில் என்ன இருக்கிறது? ஆஃப்சைடையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து காலைவிட்டுக் கிளம்பும் அந்த நொடியில் முன்னால் நிற்பவன் எங்கே இருந்தான் என்று பார்க்க வேண்டும். பாஸ் அடிப்பவன் ஒரு இடம், வாங்குபவன் நாற்பது அடி தள்ளி. நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதற்குத்தான் கோட்டோரம் இருவர். நான் பார்த்த மேட்சுகளில் அந்த இருவரும் பெரும்பாலும் ஹோஸ்ட் காலேஜ் மாணவர்கள். கொடிக்குப் பதில் துண்டு. ஒருவன் காதில் பாட்டு ஓடியதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

பல கோல்போஸ்டுகளில் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, போஸ்டுக்கு வெளியே போனதா என்று பத்து நிமிஷம் சண்டை நடக்கும். கோல் வலை பிறந்ததே இப்படி ஒரு சண்டையால்தான். 1889இல் எவர்டன் ஆட்டத்தில் ஒரு கோல் மறுக்கப்பட்டதைப் பார்த்த லிவர்பூல் இன்ஜினியர் ஜான் அலெக்ஸாண்டர் ப்ரோடி, கம்பங்களுக்குப் பின்னால் ஒரு பை மாதிரி கட்டினால் பிரச்சினை தீருமே என்று யோசித்தார். 1912இல் புதுடெல்லியைத் திட்டமிட லட்யன்ஸோடு வந்த குழுவில் இருந்த அதே ப்ரோடிதான். டெல்லிக்கு வந்தவர் கொஞ்சம் தெற்கேயும் வந்திருக்கலாம்.

வலை இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூன் 11, தோஹா. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று. சாங்தே அடித்த கோலில் இந்தியா முன்னிலை. 73வது நிமிஷம் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது, கத்தார் வீரர் அதை உள்ளே இழுக்கிறார், யூசுஃப் அய்மன் கோலாக்குகிறார். தென்கொரிய ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். அந்தச் சுற்றில் விஏஆர் இல்லை. கடைசியில் 2-1, இந்தியா வெளியே. சம்மேளனம் புகார் கொடுத்தது, ஸ்கோர் மாறவில்லை. அன்றிரவு நம் டைம்லைன் முழுக்க ஓடியதும் திண்டிவனம் பஸ்ஸில் கேட்கிற அதே வரிதான்.

காலேஜ் மேட்சில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். விழுப்புரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களைப் பார்த்துத்தான் யுனிவர்சிட்டி டீம் எடுக்கிறார்கள். அந்த டீமில் இருந்தால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகலாம். போனால் ஒரு ஃபார்ம் கிடைக்கும். அந்த ஃபார்மை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு அப்ளை பண்ணலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் எல்லாம் இருக்கிறது. முதல் ரவுண்டிலேயே தோற்ற டீமின் நல்ல வின்கர் யார் கண்ணிலும் படமாட்டான். ஒரு தவறான விசில் ஒரு வீட்டின் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியும். அதனால்தான் பஸ்ஸில் அவ்வளவு கோபம்.

இந்தக் கோபத்தை நம் சினிமா எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 'ஜீவா'வில் (2014) அநியாயம் செய்பவர்கள் செலக்‌ஷன் கமிட்டியில் இருக்கிறார்கள். 'இறுதிச்சுற்று'வில் (2016) பாக்ஸிங் சங்கத்து ஆள். 'பிகில்' (2019) படத்தில் ஃபுட்பால் சம்மேளனத் தலைவர். 'லப்பர் பந்து'வில் (2024) சாதி பார்த்து அன்புவை டீமுக்குள் விடாத சக ஆட்டக்காரன். நான்குமே வாசலில் நடக்கும் அநியாயம். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, சாதி அங்கேதான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் ஹீரோ ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் மைதானம் சுத்தமாகிவிடுகிறது. அங்கே திறமைதான் ஜெயிக்கும். ஜெயித்தாக வேண்டும், இல்லையென்றால் க்ளைமாக்ஸ் நிற்காது. அதனால் ரெஃப்ரி பேரில்லாத ஒரு விசிலாகச் சுருங்கிவிடுகிறார்.

பஸ் கதை நேரெதிர். வாசலைப் பற்றிப் பேச்சே இல்லை, விசில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எனக்கு இரண்டுமே பாதிக் கதைகள். ஏனென்றால் நம் காலேஜ் கிரவுண்டில் வாசலில் நிற்பவரும் விசில் ஊதுகிறவரும் பல சமயம் ஒரே ஆள்தான். டீம் எடுப்பது பி.டி. சார். போட்டியை நடத்துவதும் அவர். வெளியிலிருந்து ரெஃப்ரி வராவிட்டால் விசிலும் அவர் வாயில். யுனிவர்சிட்டி செலக்‌ஷனில் உட்கார்ந்து பேசுவதும் அவரைப் போன்றவர்கள்தான். இவர் யாரை 'நம்ம பையன்' என்று நினைக்கிறார் என்பதற்கு ஊர், சாதி, பழைய ஸ்டூடன்ட், தினமும் காலையில் வந்து கோடு போட உதவுகிறவன் என்று நிறைய பதில் உண்டு. கவர் கைமாற வேண்டிய அவசியமே இல்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு மேட்ச். ஹோஸ்ட் காலேஜ் சாரே ரெஃப்ரி. முதல் பாதியில் அவருடைய பையன்களுக்கு ஒரு கோல் கொடுத்தார். அடித்தவன் ஆஃப்சைடில் நின்றது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. சத்தம் போட்டார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் எதிர் டீம் பையன் பாக்ஸுக்குள் தானாகவே தடுக்கி விழுந்தான். விசில். பெனால்டி. முதல் தப்பை இரண்டாவது தப்பால் அடைக்கப் பார்த்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. இப்போது இரண்டு டீமும் அவரைத் திட்டியது. மேட்ச் முடிந்ததும் வந்த டீமுக்குச் சாப்பாடு பார்சல் எண்ணிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு பொட்டலம் குறைந்தது. அதற்கும் ஒருவன், "பார்சல்லயும் ஆஃப்சைடா சார்?" என்றான். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது 'லே ஸார்பித்ர்' (2009) என்ற பெல்ஜிய ஆவணப்படம். யூரோ 2008இல் ரெஃப்ரிகளோடு கேமரா நடக்கிறது, அவர்கள் ஒருவருக்கொருவர் மைக்கில் பேசுவது நமக்குக் கேட்கிறது. நடுநாயகம் ஹோவர்ட் வெப், இங்கிலாந்தில் போலீஸ்காரராக இருந்தவர். வியன்னாவில் ஆஸ்திரியா–போலந்து ஆட்டம். 30வது நிமிஷம் போலந்து அடித்த கோல் ஆஃப்சைடு, இவர்கள் கவனிக்கவில்லை. கடைசி நிமிஷங்களில் போலந்து வீரர் ஒருவர் பாக்ஸுக்குள் சட்டையைப் பிடித்து இழுக்க, வெப் ஆஸ்திரியாவுக்குப் பெனால்டி கொடுக்கிறார். 1-1. போலந்துக் கொதிப்பில் அந்நாட்டுப் பிரதமர் டஸ்க்கே ரெஃப்ரியைக் கொல்லத் தோன்றியது என்கிற அளவுக்குப் பேசினார். கொலை மிரட்டல்கள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், பெனால்டி சரியான முடிவு. தப்பான முடிவால் லாபமடைந்தது போலந்துதான். அந்தத் தப்புக்காக அங்கே யாரும் கத்தவில்லை.

நம் பஸ் கதையிலும் இதே ஓட்டை இருக்கிறது. நமக்குச் சாதகமாக வந்த தப்பு விசில்களைப் பற்றி எந்த ஜூனியருக்கும் யாரும் சொன்னதில்லை. எதுவார்டோ கலியானோ தன் ஃபுட்பால் புத்தகத்தில் ரெஃப்ரியைப் பற்றி எழுதும்போது முதலில் கொடுங்கோலன் என்று கிண்டல் செய்துவிட்டு, பிறகு மேட்ச் முழுக்க மூச்சிரைக்க ஓடியும் திட்டு மட்டுமே வாங்குகிறவர் என்ற இடத்துக்கு வருவார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய ரெஃப்ரி தனியாள், எந்த டீமுக்கும் சொந்தமில்லாதவர். எங்கள் பி.டி. சாருக்கு அந்தத் தனிமைகூட வாய்க்கவில்லை. அவர் கொடுக்கும் ஒவ்வொரு ஃப்ரீகிக்கும் ஒரு மாணவனுக்கோ, பக்கத்துக் காலேஜ் நண்பருக்கோ எதிராகப் போகிறது.

திண்டுக்கல்லிலிருந்து ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி ஆகியிருக்கிறார். பயிற்சி, தேர்வு, ஃபிட்னஸ் டெஸ்ட் எல்லாம் தாண்டிய பாதை அது. அந்தப் பாதையில் நடந்தவர்கள் மாவட்டத்துக்கு நாலு பேர் இருந்து, வந்து போகிற செலவைக் கல்லூரிகள் கொடுத்தால் பி.டி. சார் பார்சலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். கிரவுண்டைச் சுற்றிக் கட்டும் ஃபிளெக்ஸ் செலவில் ஒரு பகுதி போதும்.

வெப் 2010 உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கும் விசில் ஊதினார். அலோன்சோ நெஞ்சில் டி யோங் காலை வைத்ததற்கு மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டு, அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் சொன்னார். திண்டிவனத்து சார், அடுத்த வாரம் அதே கிரவுண்டில் வாலிபால் மேட்சுக்கு விசிலோடு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.