பந்தலும் பந்தரும்

வீட்டைக் கட்டுகிறோம்; பந்தலைப் போடுகிறோம். வேண்டாதபோது வீட்டை இடிக்க வேண்டும். பந்தலைப் பிரித்தால் போதும். காலும் கழியும் கயிறும் அடுத்த பந்தலுக்கு ஆகும்.

காயல்பட்டினம் போன்ற கடற்கரை மணலில் கொண்டல் காற்றைத் தடுத்து நிற்பது பந்தலின் வேலையன்று, வழிவிடுவதே வேலை. நான்கு கால், குறுக்கே மூங்கில், மேலே கயிற்றுப் பின்னல். மிச்சத்தைக் கொடி பார்த்துக்கொள்ளும். நல்ல கொடிப்பந்தலுக்கு நான் பார்க்கும் அளவு ஒன்றுதான்: அடியில் நிமிர்ந்து நடக்கவும் வேண்டும், கை தூக்கினால் காய் எட்டவும் வேண்டும். புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது சுருளாமல் நேராக இறங்கும். காய்த்த பந்தலின் அழகு, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கே முழுதாகக் கிடைக்கும். பாரி முல்லைக்குத் தேர் தந்த கதையை வள்ளன்மைக்காகவே சொல்கிறோம். கொடியின் தவிப்பைக் கண்டுகொண்ட அந்தக் கண்ணையும் சேர்த்தே நான் கொண்டாடுவேன்.

பந்தல் என்பதே பழந்தமிழில் பந்தர். சாம்பல் சாம்பர் ஆவதுபோலக் கடைப்போலி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் பதிற்றுப்பத்தில் பந்தர் என்று ஓர் ஊரும் வருகிறது, முத்துக்குப் பேர்போன ஊர். பாரசீகத்தில் பந்தர் என்றால் துறைமுகம். பந்தர் அப்பாஸ் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தச் சங்க ஊரின் பெயர் பாரசீகச் சொல்லா, நம் நிழற்பந்தலா என்று ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். என் மனத்தை இழுப்பது வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துக் காயல் துறைக்கு ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஹோர்முஸ் மாலுமியின் வாயில் பந்தர் என்றால் கப்பல் ஒதுங்கும் இடம். தமிழ்ப் புலவரின் ஏட்டில் வெயிலுக்கு ஒதுங்கும் இடம். இரண்டு சொற்களும் ஒரே கரையில் புழங்கிய காலம் அது.

பின்னாளில் பந்தல் ஆங்கில அகராதியிலும் ஏறியது. வங்காளத்தில் துர்க்கை பூசைக்கு மாளிகை அளவில் எழுப்புவதற்கும் அதே பெயர்தான். அந்தப் பிரம்மாண்டங்களும் விழா முடிந்ததும் பிரிக்கப்படுகின்றன.