காற்று நடுவரின் கையில்

பாய்மரக் கப்பல்களின் போர் நிதானமானது. எதிரியின் பாய் கண்ணில் பட்டபின் முதல் குண்டு பாயவே மணிக்கணக்காகும். மின்னஞ்சலில் நாள்கணக்காக ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான போர் கிடையாது.

1970-களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘வுடன் ஷிப்ஸ் அண்ட் அயர்ன் மென்’ பலகை விளையாட்டு இதற்கு அருமையான அடித்தளம். இரு தரப்பும் நகர்வுகளை ரகசியமாக எழுதி, ஒரே சமயத்தில் நிறைவேற்ற வேண்டும். இரண்டு கட்டம் முன்னே, இடப்பக்கம் ஒரு திருப்பம், மறுபடி ஒரு கட்டம்: ஒரு கப்பலுக்கான ஆணை ஒரு வரியில் அடங்கிவிடும்.

உயிர்நாடி நடுவர்தான். கெடு நாளுக்குள் ஆணைகள் வந்துசேர்ந்ததும் வரைபடத்தில் கப்பல்களை நகர்த்துகிறார். மோதலையும் சேதத்தையும் கணக்கிடுகிறார். பிறகு ஒவ்வொரு கேப்டனுக்கும் அவர் கண்ணுக்கு எட்டியதை மட்டும் எழுதி அனுப்புகிறார். பீரங்கிப் புகை தளபதியின் கொடிச் சைகையை மறைத்துவிட்டால், அந்தக் கேப்டன் தானே முடிவெடுக்க வேண்டியதுதான்.

காற்றும் நடுவர் வசமே.

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸும் தலா 11 கப்பல்களுடன் மோதினார்கள். நடுப்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் திசை மாறியது. இரண்டு அணிவரிசைகளும் குலைந்தன. சில கப்பல்கள் ஒருபுறமும் மற்றவை மறுபுறமும் திரும்பின. தனியாக மாட்டிக்கொண்ட ‘செவேர்’ கப்பலின் கேப்டன் சரணடையக் கொடியை இறக்கச் சொன்னார். அதிகாரிகளோ தொடர்ந்து சுட்டார்கள்.

இந்தப் போரை நடத்தும் நல்ல நடுவர், காற்று மாறினால் தளபதியைத் தொடர்வதா, எதிரியை விடாமல் பிடிப்பதா என்று ஒவ்வொரு கேப்டனிடமும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார்.