ஏமாளியும் இல்லை, துரோகியும் இல்லை

பழவேற்காடு போறவங்க டச்சுக் கல்லறைகளைப் படம் எடுத்துக்கிட்டுத் திரும்பிடுவாங்க. புதர் மூடிக் கிடக்கிற கெல்ட்ரியா கோட்டையைத் தேடிப் போறவங்க குறைவு. சென்னையின் கதையை அந்தப் புதரிலிருந்துதான் தொடங்கணும் என்பது என் கட்சி.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போக வர, ஹென்றி டேவிசன் லவ் எழுதிய 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்' (1913) முதல் தொகுதியை மறுபடி படித்தேன். ஆவணங்களைத் திரட்டித் தந்ததில் அதற்கு ஈடில்லை. ஆனால் 1639இல் நிலம் தந்த தாமர்லா வேங்கடப்ப நாயக்கர், அதில் பிரான்சிஸ் டேவுக்குக் கதவு திறந்துவிடும் ஆளாகவே எனக்குத் தெரிகிறார். நம்ம மேடைப் பேச்சிலோ அவர் 'ஊரை விற்றவர்'. ரெண்டு தரப்புமே அவருக்கு மூளை இருந்ததாக நினைக்கவில்லை.

இத்தனைக்கும் பதில் லவ் தரும் ஆவணங்களிலேயே இருக்கு. நாயக்கர் ஏன் அழைத்தார் என்று டே கணக்குப் போட்டிருக்கிறார்: வியாபார வருமானம், பாரசீகக் குதிரைகள், ஆபத்து வந்தால் அண்டை எதிரிகளிடமிருந்து தப்பி ஒதுங்க ஒரு கோட்டை. வடக்கே பழவேற்காட்டில் 1610 முதல் டச்சுக்காரர்கள். தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர். நடுவில் இவருடைய கரை. மூன்றாவது ஆளை நடுவில் உட்கார வைத்தது அரசியல் கணக்கு.

கோட்டைச் செலவை முதலில் நாயக்கர் போடுவார் என்றது சாசனம். 1640இல் ஆங்கிலேயர் வந்து கேட்டால், நிலம் தருவதாக மட்டும்தான் சொன்னேன் என்று கைவிரித்துவிட்டார். ஏமாளி செய்கிற வேலையா இது?

அப்புறம் காற்று மாறியது. ஸ்ரீரங்க ராயர் காலத்தில் நாயக்கர் சிறைப்பட்டார். 1645இல் ஆங்கிலேயர் ராயரிடமே புதுச் சாசனம் வாங்கினார்கள். அடுத்து கோல்கொண்டாவின் மீர் ஜும்லாவிடம் 1647இல் உறுதி பெற்றார்கள். 1672இல் கோல்கொண்டாவுக்கு ஆண்டுக்கு 1200 வராகன் என்று வாடகை நிர்ணயமானது.

ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையிலும் இதே கதைதான். 1637இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த எல்மினா கோட்டைக்கு, உள்நாட்டு அரசுக்கு வாடகை போனது. 1701இல் டென்கியிரா அரசை அசாந்தே தோற்கடித்தபோது அந்த வாடகைச் சீட்டும் கை மாறியது.

இரு கரையிலும் தலைவர்கள் வெள்ளையரைக் குடியிருப்பவராகத்தான் பார்த்தார்கள், அன்றைய நிலையில் அது தப்பில்லை. வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டே இருந்ததும், குடியிருந்தவர் மட்டும் காலி பண்ணாததும்தான் பின்னால் நடந்த வினை. லவ் இதைக் கம்பெனியின் சாமர்த்தியமாக எழுதுகிறார். ஆகஸ்ட் 22 வந்தால் நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். அடுத்த முறையாவது நாயக்கர் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் படிக்கலாமே.