நாள்தோறும் இறைவனை நாடல்: சிங்கைத் தமிழின் இரு பழநூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

சிங்கப்பூரில் தமிழ் இலக்கியம் எப்பொருளைப் பாடிக்கொண்டு பிறந்தது என்று வினவுவோமாயின், விடை இன்றைய மாணவர் பலருக்கு வியப்பளிக்கும். துறைமுகமும் வாணிகமுமாய் வளர்ந்த இந்நகரில், நமக்குத் தெரியவரும் பழந்தமிழ் நூல்களுள் முற்பட்டவை இறைவனை நோக்கிய விண்ணப்பங்களே. 1872ஆம் ஆண்டில் இங்கு அச்சேறியது நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இயற்றிய ‘முனாஜாத்துத் திரட்டு’. 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது யாழ்ப்பாணத்துச் சி. ந. சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’. முன்னது இசுலாமியர் பாடிய இறைவேண்டல். பின்னது தேங்க் ரோட்டில் கோயில் கொண்ட முருகனைப் போற்றிய சிற்றிலக்கியம்.

நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் ‘முதல் நூல்’ என்னும் சிறப்பைக் கொடுத்து ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. சமயப் பாடல்கள் என்பதனால் இவை வாழ்வோடு ஒட்டாதவை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்தோரின் வேண்டுதல்

‘முனாஜாத்து’ என்பது அரபுச் சொல். இறைவனோடு அடியவன் தனித்திருந்து மெல்லப் பேசும் பேச்சு என்பது அதன் பொருள். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் எனத் தமிழ் முசுலிம் புலவர்கள் தமிழுக்கு வழங்கிய புதிய இலக்கிய வகைகளுள் முனாஜாத்தும் ஒன்று. ஏனையவற்றில் புலவன் அவையோரை முன்னிறுத்திப் பாடுகிறான். முனாஜாத்திலோ அவை இல்லை. கேட்போன் இறைவன் ஒருவனே. படிக்கும் நாம் அப்பேச்சைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறோம். ஆதலின் இவ்வகையில் புலமைச் செருக்குக்கு இடம் குறைவு. தன் குறையையும் அச்சத்தையும் வெளிப்படச் சொல்லும் துணிவுக்கு இடம் மிகுதி.

இத்தகைய இலக்கியம் சிங்கப்பூரில் தோன்றியதன் பொருத்தத்தை உணர, தெலுக் ஆயர் வீதியை நினைவுகூர்தல் வேண்டும். இன்று கடலுக்குத் தொலைவில் தோன்றும் அவ்வீதி, நிலம் தூர்க்கப்படுவதற்கு முன் கடற்கரையாகவே இருந்தது. 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் நாகூர் தர்கா அங்கு எழுந்தது. அதனருகே சீனர் எழுப்பிய தியன் ஹொக் கெங் கோயிலில் கடல் தெய்வமாகிய மாசு அன்னை வீற்றிருக்கிறாள். கப்பலிலிருந்து இறங்கிய தமிழனும் சீனனும், உயிரோடு கரை சேர்ந்தமைக்கு முதலில் நன்றி சொன்ன இடம் அவ்வீதி. பாய்மரக் கப்பலில் வந்தோர்க்கு வேண்டுதல் என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கன்று. நெஞ்சு நிலைகுலையாதிருக்கக் கையிலிருந்த ஒரே துணை. முனாஜாத்து நூல் இம்மண்ணில் முதலில் அச்சேறியது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு.

முடிவில்லா மாலை

இனி, ‘சிங்கை நகர் அந்தாதி’யை நோக்குவோம். அந்தம், ஆதி என்னும் இரு சொற்களின் சேர்க்கையே அந்தாதி. ஒரு பாடலின் இறுதியிலுள்ள எழுத்தோ அசையோ சொல்லோ அடுத்த பாடலின் தொடக்கமாகும். கடைசிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு சென்று கலக்கும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி முதல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களை அந்தாதியாகவே தொடுத்த நம்மாழ்வாரின் திருவாய்மொழி, அபிராமிப் பட்டரின் நூல் எனப் பத்தி இலக்கியம் இவ்வடிவத்தை மீண்டும் மீண்டும் நாடியதன் காரணம் என்ன?

முதற்காரணம் நினைவு. ஏடில்லாதவனும் எழுத்தறியாதவனும் ஒரு பாடலின் முடிவைப் பற்றிக்கொண்டு அடுத்த பாடலுக்குச் செல்லலாம். இரண்டாவது காரணம் ஆழமானது. அந்தாதிக்கு முடிவில்லை. இன்று ஓதி முடித்தவன் முதற்பாடலின் வாயிலிலேயே நிற்கிறான். நாளை அங்கிருந்தே தொடங்குகிறான். நாள்தோறும் ஓதுதல் என்னும் பழக்கத்தை வடிவமே தன்னுள் வைத்திருக்கிறது. இறைநாட்டம் ஒரு நாள் உணர்ச்சிப் பெருக்காக நின்றுவிடாமல், நாள்வழிப் பழக்கமாக ஊன்ற வேண்டும் என்னும் கருத்தை இவ்வடிவம் சொல்லாமல் சொல்கிறது. பழக்கத்தினின்று உறுதி பிறக்கிறது. உறுதியினின்று அமைதி பிறக்கிறது.

நூலின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. சதாசிவ பண்டிதர் யாழ்ப்பாணத்து வண்ணை நகரைச் சார்ந்தவர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் பழைய தலைநகர்க்கும் சிங்கை நகர் என்றே பெயர். தாயகத்தின் பழம்பெருமை பொதிந்த சொல்லைப் புதிய நகரின் பெயராக ஒரு யாழ்ப்பாணத்துப் புலவர் பாடும்போது, அச்சொல்லில் இரு கரைகளும் ஒலிப்பதைக் கற்போர் செவி உணரும். பிறந்த ஊரின் இறைவன் அவ்வூரோடு நின்றுவிடவில்லை. வந்த ஊரிலும் முன்னரே வந்து காத்திருக்கிறான் என்னும் ஆறுதல் இப்பெயரிலேயே கிடைக்கிறது.

கணக்கேடும் கோயிலும்

தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இல் நகரத்தாரால் அமைக்கப்பெற்றது. மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகளில் பெட்டியடி முன் அமர்ந்து வட்டிக்கடை நடத்திய அவர்கள், பிள்ளையார் சுழியிட்டன்றிக் கணக்கெழுதத் தொடங்கியதில்லை. வருவாயில் இறைவனுக்கென ஒரு பங்கினை மகமையாக ஒதுக்கினர். ஆண்டுக்கொரு முறை, தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு நோக்கிச் செல்லும் காவடிகளை நகரமே காண்கிறது. ஆயின் கணக்கேட்டின் தலைப்பில் நாள்தோறும் இடப்பட்ட அச்சிறு சுழியைக் கண்டவர் சிலரே. காவடி, பெருங்கூட்டத்தின் நடுவே எடுக்கப்படும் நோன்பு. சுழி, தனிமனிதன் நாளின் தொடக்கத்தில் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ளும் சொல். அந்தாதி இவ்விரண்டனுள் பின்னதன் இலக்கியமே.

இந்நூல் அச்சான சூழலும் கருதற்பாலது. அதே 1887இல் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். அவ்விதழை வெளியிட்ட தீனோதய இயந்திரசாலையே முருகன் மீதான அந்தாதியையும் அச்சிட்டது. ஒரு சமயத்தாரின் வேண்டுதலை மற்றொரு சமயத்தாரின் எழுத்துக்கள் கோத்துத் தந்தன. அடுத்த ஆண்டு, 1888இல், ஓபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கான லூர்து மாதா ஆலயம் எழுந்தது. மும்மதத்துத் தமிழரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மொழியில், தத்தம் இறைவனை நாடி நின்றனர்.

மறுப்பும் விடையும்

இவ்விலக்கியங்களுக்கு எதிராக வன்மையான வாதம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சீர்திருத்தக் கருத்துகளை விதைத்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். பத்தி, மனிதனைச் செயலறச் செய்கிறது. ஊரார் துன்பத்தைக் காணாமல் கண்மூட வைக்கிறது. சடங்கில் பொருளை வீணாக்குகிறது என்பது சீர்திருத்தத்தார் கூற்று.

இக்கூற்றில் உண்மை உண்டு. 1893இல் வந்த ரங்கசாமி தாசனின் ‘அதிவினோதக் குதிரைப்பந்தய லாவணி’ இந்நகரத்துக் குதிரைப் பந்தயத்தையே பாடுபொருளாகக் கொண்டது. அத்தகைய நூலோடு வைத்து நோக்குங்கால், மரபுவழி அந்தாதிகளின் குறை விளங்கும். தலத்தைப் புகழும் வாய்பாடுகள் அவற்றுள் திரும்பத் திரும்ப வரும். தெருவில் மூட்டை சுமப்போன் அரிதாகவே தோன்றுவான். அந்தாதியோடு சேர்த்து வெளியிடப்பெற்ற சித்திரகவிகளோ சொல்விளையாட்டின் எல்லையைத் தொடும் வகையின. புலமை மிகுந்து நெஞ்சம் ஒதுங்கும் இடையூறு அவ்வகைக்கு என்றும் உண்டு.

எனினும் ஒன்றை எண்ணிப்பார்த்தல் தகும். வேண்டுதல் இருவகைப்படும். ‘இதைத் தருக; அதைத் தருகிறேன்’ என்பது ஒருவகை; அது கோயிலில் நடக்கும் வாணிகமேயன்றி வேறன்று. ‘வருவதைத் தாங்கும் நெஞ்சைத் தருக’ என்பது மற்றொரு வகை. முதல்வகை வேண்டுதல் கேட்டது கிடைக்காதபோது உடைந்துவிடும். இரண்டாவது, கேட்கும்போதே பாதி கிடைத்துவிடும். ஏனெனில் தன் வலியின்மையை ஒப்புக்கொண்டு சொல்லும் அக்கணத்திலேயே மனம் அடங்கத் தொடங்குகிறது. சீர்திருத்தத்தார் சாடியது பெரும்பாலும் முதல்வகையை. சிறந்த முனாஜாத்தும் சிறந்த அந்தாதியும் சார்ந்து நிற்பது இரண்டாம் வகையை. ஒரு பத்திப்பாடல் நன்றா தீதா என அளக்க இவ்வேறுபாடே தக்க அளவுகோல். அவ்வேண்டுதலால் அமைதியுற்ற நெஞ்சு அயலான் துயரைக் காணும் கண்ணையும் பெறுமாயின், சீர்திருத்தத்தார்க்கும் பத்தர்க்கும் பகை இல்லை.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழாசிரியர்கள் இந்நூல்களை மாணவர்க்கு அறிமுகம் செய்யுங்கால், ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மனனம் செய்விப்பது போதாது. இறைநம்பிக்கை உடைய மாணவனும் இல்லாத மாணவனும் ஒருங்கே கேட்கத்தக்க வினாக்கள் உள்ளன. இப்பாடலில் பேசுவோன் யார்? எதற்கு அஞ்சுகிறான்? வடிவம் அவன் அச்சத்தை எவ்வாறு தாங்குகிறது? இவ்வினாக்களோடு அணுகின், சமயநூல் என்று ஒதுக்கப்பட்டது மனித வாழ்வின் ஆவணமாக விளங்கும். முருகனைப் பாடிய நூலை முசுலிம் மாணவன் படிப்பதிலும், முனாஜாத்தை இந்து மாணவன் படிப்பதிலும் தயக்கம் நீங்கும். அவர்தம் முன்னோர்க்கு அச்சுக்கூடத்தில் இல்லாத தயக்கம் வகுப்பறையில் இருத்தல் ஆகாது.

முடிவுரை

கடல் கடந்து வந்த தமிழர், நிலையாத வருவாய்க்கும் பிரிந்த சுற்றத்துக்கும் இடையே நிலைகொள்ள ஓரிடம் தேடினர். அவ்விடம் அவர்க்கு நாள்வழிபாட்டில் கிடைத்தது; வழிபாட்டுக்குத் தமிழ் சொல் கொடுத்தது. நாள்தோறும் இறைவனை நாடிய அந்நெஞ்சங்கள் வேண்டியது தாங்கும் வலிமை, பெற்றது அமைதி, நமக்கு விட்டுச் சென்றது ஓர் இலக்கியத்தின் தொடக்கம். அத்தொடக்கத்தை உரிய மதிப்போடு கற்பதும் கற்பிப்பதும் சிங்கைத் தமிழர்தம் கடமையாகும்.