ரிஹ்லாவில் வழியும் வாகனமும்

பயணக் கட்டுரை எழுதுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர், மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவற்றுள் பலவற்றைப் படித்து முடித்த பின்னரும், எழுதியவர் அந்நகரில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எவ்வாறு சென்றார் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. மாளிகை உண்டு, மன்னர் வரலாறு உண்டு; பேருந்தும் படகும் இல்லை. இது சிறு குறைதானா? இவ்வினாவோடு இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வை மீண்டும் புரட்டினோம்.

ஹிஜ்ரி 725 ரஜப் 2இல் (1325 ஜூன் 14) தான்ஜாவை விட்டுப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டு அலைந்து திரும்பிய பின், சுல்தான் அபூ இனானின் ஆணைப்படித் தம் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸய் நூலாக்கினார். எனவே நூலில் குரல்கள் இரண்டு. புகழ்பெற்ற நகரங்களின் வருணனையில் எழுத்தரின் குரலே ஓங்குகிறது. திமிஷ்கைப் பற்றிய பகுதியில் பெரும்பங்கு, 1183இல் பயணம் தொடங்கிய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து வந்தது. நடை அழகுதான், ஆனால் அங்கே நாம் காண்பது வேறொருவர் கண்ட திமிஷ்கு.

வாகனம் வந்துவிட்டாலோ குரல் மாறிவிடுகிறது. கிப்சாக் புல்வெளியில் அவர் ஏறிய நான்கு சக்கர வண்டியைப் பாருங்கள். மேலே மெல்லிய மரச்சட்டங்களைத் தோல்வாரால் பிணைத்துக் கம்பளி போர்த்திய கூடாரம். அதில் கம்பியிட்ட சாளரம். உள்ளிருப்பவர் வெளியே காணலாம். வெளியிலிருப்பவர் அவரைக் காணவியலாது. வண்டி ஓட ஓட உள்ளே உண்ணலாம், உறங்கலாம், படிக்கலாம், எழுதலாம் என்கிறார். நெடுநாள் அதிலிருந்து சலித்தவரன்றி வேறெவர் இதை எழுதுவர்?

நகரங்களிலும் இவ்வாறே. காஹிராவில் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர் என்றும், நைலில் ஓடும் கலங்கள் 36,000 என்றும் சொல்லக் கேட்டதாக எழுதுகிறார். எண்களை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் ஒரு பெருநகரின் பெருமையை அளக்க வாடகைக் கழுதைகளை எண்ணத் தோன்றிற்றே, அதுதான் பயணியின் மனம்! கொன்ஸ்தாந்திநோபிளை இரண்டாகப் பிரிக்கும் நீர்ப்பரப்பில் முன்பொரு பாலம் இருந்ததென்றும், அது பாழாகிவிட்டதால் தாம் சென்றபோது மக்கள் படகில் கடந்தனர் என்றும் குறிக்கிறார். இன்று அதே நீரின் மேல் கலாத்தாப் பாலம் நிற்கிறது. பயணிப் படகுகளும் ஓய்வின்றி ஓடுகின்றன. இஸ்தான்பூல் சென்று வந்து குவிமாடங்களை மட்டும் எழுதுவோர், நாள்தோறும் அப்படகில் வேலைக்குப் போகும் மனிதரைத் தவறவிட்டுவிடுகின்றனர்.

நமக்கு அண்மையிலுள்ள மலபாரைப் பற்றிய பகுதி இவை எல்லாவற்றினும் செறிவானது. அங்கே குதிரை அரசருக்கே உரியது. பிறர் ஆட்கள் தோளில் சுமக்கும் பல்லக்கில் செல்வர், அன்றேல் நடப்பர். வணிகச் சரக்கும் கூலியாட்களின் முதுகிலேதான். வழிநெடுக மரநிழல், அரை மைலுக்கொரு மரவீடு, அதில் திண்ணை, அருகில் கிணறு. கிணற்றைக் காப்பவர் தம் மதத்தார்க்குக் கலத்தில் நீர் தருவார். முஸ்லிம்களுக்குக் கையில் ஊற்றுவார். இதைச் சொல்லும்போது நூலாசிரியர் குரலை உயர்த்தவில்லை. ஒரு சமுதாயத்தின் அமைப்பு முழுவதும் அந்த ஒரு கை நீரில் தெரிந்துவிடுகிறது. அரண்மனை விருந்துகளை அவர் விரித்துரைக்கும் பக்கங்கள் பல சேர்ந்தும் இவ்வளவு சொல்லவில்லை என்பதே நம் கருத்து.

கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பலில் இடம் தேடிய கதை நகைச்சுவைக்கும் துயருக்கும் இடைப்பட்டது. நல்ல அறைகளைச் சீன வணிகர் முன்னரே பிடித்துக்கொண்டனர். கிடைத்த அறை சிறிது, கழிப்பிடமும் இல்லை. எனவே தம் பொருளையும் ஆட்களையும் சிறு கலம் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கினார். புயலில் பெருங்கப்பல் உடைந்தது; சிறு கலமோ அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டது. அறை வசதியைப் பற்றிய ஒரு முணுமுணுப்பு இல்லாதிருப்பின் இக்கதையே நமக்குப் புரியாது.

மறுபுறம், வோல்கா வெளியிலுள்ள புல்கார் நகருக்குத் தாம் சென்றதாக அவர் கூறுவதை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைப் பத்து நாளில் கடந்ததாகச் சொல்கிறார். வழியில் தங்கிய ஊரோ, ஏறிய வண்டியோ, பட்ட இடரோ ஒன்றும் இல்லை. கூடாரச் சாளரத்தின் கம்பியைக் கூட மறவாதவர் இங்கே வாய்மூடிச் செல்வது நமக்கும் ஐயத்தையே தருகிறது.

அதற்கும் வடக்கே, பனிநிலத்தில் நாய்கள் இழுக்கும் வண்டியைப் பற்றி எழுதுமிடத்தில், தாம் அங்கே போகவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். பனிக்கட்டியில் வழுக்காமல் நகத்தால் பற்றி ஓடும் அந்நாய்களுக்கு, மனிதருக்கு முன்னதாக உணவிட வேண்டுமாம். கேட்டுச் சொன்னதே எனினும், அப்பத்தி நம் அளவுகோலுக்கு அடங்காமல் உயிரோடு நிற்கிறது.